மாத்திரைக்கு நோய் தெரியாது

உத்திரமேரூர் என்றால் குடவோலைக் கல்வெட்டுதான் முதலில் நினைவுக்கு வரும். மருந்தைப் பற்றிய இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது இன்னொரு கல்வெட்டு. ஊருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்தில், ஏறக்குறைய 1068-இல், அதன் சுவரில் வெட்டிய நீண்ட சாசனம் ஓர் ஆதுலர் சாலையின், அதாவது ஆஸ்பத்திரியின், செலவுக் கணக்கையும் சொல்கிறது. அதற்குப் பெயர் 'வீரசோழன்'. 15 படுக்கைகள். ஒரு வைத்தியர், அறுவைச் சிகிச்சை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர். யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது.

அதோடு, ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. ஏறக்குறைய இருபது மருந்துகள்: வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, பஞ்சக தைலம், லசுனாத்யேரண்ட தைலம், பில்வாதி கிருதம், கல்யாணக லவணம் என்று போகிறது. பெரும்பாலான பெயர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகின்றன. வாசாஹரீதகியில் ஆடாதோடையும் கடுக்காயும், லசுனாத்யேரண்ட தைலத்தில் பூண்டும் ஆமணக்கும், பில்வாதி கிருதத்தில் வில்வமும் நெய்யும். எந்தச் சரக்கு எந்த நோய்க்கு ஆகும் என்பது பல தலைமுறைகள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு. அந்தச் சரக்கு உடம்புக்குள் எங்கே போய் எதைத் தொடுகிறது என்பது அன்றைக்கு உலகில் யாருக்கும் தெரியாது.

இப்போது அதே வட்டாரத்தின் மருந்துப் பட்டியலைப் பார்ப்போம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் இங்கேயும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. சுகாதாரத் தன்னார்வலர் பெண் பையைத் திறந்தால் அம்லோடிபின், எனலாபிரில், மெட்பார்மின், கிளிமெபிரைடு என்று அச்சடித்த அட்டைகள். வாங்குகிறவர்கள் அந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. பிபி மாத்திரை, சக்கரை மாத்திரை. அதற்கு மேல் அடையாளம் நிறமும் அளவும்தான். கம்பெனி மாறி நிறமும் மாறிவிட்டால், "போன மாசம் குடுத்தது இது இல்லியே தாயி?" என்ற கேள்வி வந்துவிடும்.

நோயின் பெயரால் மாத்திரையை அழைப்பதில் தப்பில்லை. ஆனால் அப்படியே பழகிவிட்டால் மருந்து நோயைத் தேடிப் போய்ப் பிடிக்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் மாத்திரைக்கு நோய் தெரியாது. ரத்தத்தில் கரைந்து உடம்பு முழுக்கச் சுற்றும் அந்த மூலக்கூறுக்குத் தெரிந்தது ஒரு புரதம், சில சமயம் இரண்டு. எங்கெங்கே அந்தப் புரதம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். நமக்கு வேண்டிய இடத்தில் ஒட்டினால் குணம் என்கிறோம், வேண்டாத இடத்தில் ஒட்டினால் பக்கவிளைவு என்கிறோம். மருந்துக்கு இரண்டும் ஒரே வேலை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் வீட்டில் இருக்கும் மாத்திரைகளில் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

விளக்கெண்ணெய் ஏன் இரண்டு வேலை செய்கிறது

திருமுக்கூடல் பட்டியலில் இருக்கும் ஆமணக்கிலிருந்தே தொடங்கலாம். விளக்கெண்ணெய் குடித்தால் பேதியாகும் என்பது குழந்தைகளுக்கும் தெரியும். நிறைமாதக் கர்ப்பிணிக்கு வலி எடுக்க விளக்கெண்ணெய் கொடுக்கும் வழக்கமும் பல நாடுகளில் இருந்திருக்கிறது. குடலுக்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம்?

விடை 2012-இல் வந்தது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் எலிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். விளக்கெண்ணெய் குடலில் செரிக்கும்போது ரிசினோலிக் அமிலம் பிரிகிறது. அது குடல் தசையின் மேல் இருக்கும் ஈபி3 என்ற ஏற்பிப் புரதத்தைத் தட்டி எழுப்புகிறது, தசை சுருங்குகிறது. அதே ஏற்பி கருப்பைத் தசையிலும் இருக்கிறது. ஈபி3 இல்லாமல் பிறக்கவைத்த எலிகளுக்கு எவ்வளவு விளக்கெண்ணெய் கொடுத்தும் பேதியும் இல்லை, கருப்பைச் சுருக்கமும் இல்லை. எண்ணெய்க்கு மலச்சிக்கலும் தெரியாது, பிரசவமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஈபி3 மட்டும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது என்பதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது.

வாசாஹரீதகியின் ஆடாதோடை இன்னொரு பாதையில் வந்தது. இருமலுக்கும் இளைப்புக்கும் வழிவழியாகக் கொடுத்துவந்த இலை. உதகமண்டலத்தில் அரசின் சிங்கோனா வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் 1888-இல் அதிலிருந்து வாசிசின் என்ற பொருளைப் பிரித்தார். வாசிசினின் வடிவத்தைப் பார்த்து, அதை மாற்றியமைத்து, 1960-களில் ஐரோப்பாவில் உருவாக்கியது புரோம்ஹெக்சின். அது உடம்புக்குள் போய் மாறும் வடிவங்களில் ஒன்று அம்புராக்சால். இன்றைக்கு மெடிக்கல் கடையில் வாங்கும் சளி சிரப்பு பாட்டிலின் லேபிளில் இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். கெட்டியான சளியை நீர்க்க வைத்து வெளியே வரச் செய்வது அதன் வேலை. வறட்டு இருமலுக்கு அதனால் பெரிய பயன் இல்லாததும் இதனால்தான்: இளக்குவதற்கு அங்கே சளியே இல்லை.

கால் வீக்கமும் வறட்டு இருமலும்

ரத்தக்குழாயின் சுவரில் மெல்லிய தசை இருக்கிறது. கால்சியம் அணுக்கள் அந்தத் தசைச் செல்லுக்குள் நுழைந்தால் அது சுருங்கும், குழாய் குறுகும், அழுத்தம் ஏறும். கால்சியம் நுழையும் வாசலை அடைப்பது அம்லோடிபின். தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, பிபி இறங்குகிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களிலும் அதே வாசல் இருப்பதால், நடந்தால் நெஞ்சு பிடிக்கிறது என்பவர்களுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். பிபியே இல்லாத ஒருவருக்கு 'பிபி மாத்திரை' எழுதியிருந்தால் பதற வேண்டியதில்லை.

அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குச் சாயங்காலத்தில் கணுக்கால் வீங்கும். "கிட்னி போயிடுச்சோ?" என்று பயந்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. நடப்பது இதுதான்: இதயத்திலிருந்து வரும் சின்னத் தமனிகள் நன்றாக விரிந்துவிடுகின்றன, திரும்பிப் போகும் சிரைகள் அந்த அளவுக்கு விரிவதில்லை. வரவு கூடி, போக்கு கூடாமல் நடுவில் உள்ள நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் வெளியே கசிகிறது. நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவருக்கு அது கணுக்காலில் தேங்கும். உடம்பில் நீர் அதிகமானதால் வந்த வீக்கம் இல்லை என்பதால், நீர் பிரியும் மாத்திரைக்கு இது அவ்வளவாக அடங்காது. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது சிரையையும் விரிக்கும் எனலாபிரில் போன்ற மாத்திரையைச் சேர்ப்பார்.

அம்லோடிபினுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு மாத்திரையின் பாதி உடம்பை விட்டுப் போகவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்பதற்குக் காரணம் அது. நிறுத்தினவர்களை ஏமாற்றுவதும் அதுவே. இன்றைக்கு நிறுத்தினால் நாளைக்கு ஒன்றும் ஆகாது, நாளன்றைக்கும் பெரிதாகத் தெரியாது. "மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றும். உள்ளே மிச்சமிருந்த மருந்து தீர்ந்ததும் அழுத்தம் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு ஏறிவிடும். பெரும்பாலோருக்கு பிபி ஏறுவது உடம்புக்குத் தெரியவே தெரியாது.

எனலாபிரிலின் கதை பிரேசிலில் தொடங்குகிறது. பாம்பு நஞ்சு என்றால் நம் பக்கத்தில் வடநெம்மேலி நினைவுக்கு வரும். அங்கே 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து கடிக்கு மாற்று மருந்து தயாராகிறது. பிரேசிலில் நஞ்சு இன்னொரு மருந்துக்கு வழி காட்டியது. ஜராரக்கா என்ற விரியன் கடித்தவருக்கு ரத்த அழுத்தம் படக்கென்று விழுந்துவிடும். 1960-களில் செர்ஜியோ ஃபெரேரா அந்த நஞ்சை ஆராய்ந்து, பிராடிகைனின் என்ற பொருளின் வேலையை அது நீட்டிப்பதைக் கண்டார். லண்டனில் ஜான் வேனின் ஆய்வகத்துக்கு அதை எடுத்துப் போனார். ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின்-2-ஐ உண்டாக்கும் ஏசிஇ என்ற நொதியையும் அதே நஞ்சு முடக்குவது தெரிந்தது. ஸ்குவிப் கம்பெனியில் டேவிட் குஷ்மனும் மிகேல் ஒண்டெட்டியும் அந்த நொதிக்குப் பொருந்தும் சின்ன மூலக்கூறு ஒன்றை வடிவமைத்தார்கள். 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த கேப்டோபிரில்தான் எனலாபிரிலுக்கு முன்னோடி.

ஏசிஇ நொதிக்கு இரண்டு வேலை. ஒன்று ஆஞ்சியோடென்சினை உண்டாக்குவது. இன்னொன்று பிராடிகைனினை உடைத்து அப்புறப்படுத்துவது. எனலாபிரில் நொதியை முடக்கினால் இரண்டும் நிற்கும். முதலாவது நின்றால் பிபி குறையும். இரண்டாவது நின்றால் பிராடிகைனின் மூச்சுக்குழாய்ப் பக்கம் சேர்ந்து தொண்டையை அரிக்கும். பத்துப் பேரில் ஒருவருக்கு வரக்கூடிய அந்த வறட்டு இருமலுக்கு சிரப் குடித்துப் பயனில்லை. மாத்திரையை மாற்ற வேண்டும். லோசார்டன் போன்றவை நொதியைத் தொடாமல், ஆஞ்சியோடென்சின் போய் உட்காரும் ஏற்பியை அடைக்கின்றன. பிராடிகைனின் வழக்கம்போல உடைந்து போவதால் இருமல் அரிது. இரண்டு வகையுமே வயிற்றில் உள்ள குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

சக்கரைக்கு இரண்டு வழி

பிபி மாத்திரை 5 மில்லிகிராம், சக்கரை மாத்திரை 500. பெரிய மாத்திரை என்றால் பெரிய நோய் என்று நினைக்க வேண்டாம். தன் இலக்கில் அம்லோடிபின் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் போதும். மெட்பார்மினுக்கு நிறைய வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் கலேகா என்ற செடி ஒன்றுண்டு. அதில் இருக்கும் பொருள் சக்கரையைக் குறைப்பதைக் கண்டு, அதே குடும்பத்தில் நச்சு குறைந்ததைத் தேடிப் போனதில் கிடைத்தது மெட்பார்மின். 1922-இல் டப்ளினில் முதலில் தயாரித்தார்கள். பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1957-இல் எழுதினார். அமெரிக்கக் கடைகளுக்கு அது 1995-இல்தான் வந்தது. ராத்திரி முழுக்க ஒன்றும் சாப்பிடாதபோதும் கல்லீரல் சக்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. நீரிழிவு உள்ளவருக்கு அது அளவுக்கு மீறிப் போகும். மெட்பார்மின் அந்த உற்பத்தியைக் குறைக்கிறது. செல்லுக்குள் அது முதலில் எதைத் தொடுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. இருந்தும் உலகில் மிக அதிகமாக எழுதித் தரும் சக்கரை மாத்திரைகளில் ஒன்று இது.

கிளிமெபிரைடு வேறு இடத்துக்குப் போகிறது. 1942-இல், போர்க்காலத்தில், பிரான்சின் மோன்பெலியே நகரில் டைபாய்டு நோயாளிகளுக்கு சல்ஃபா வகை மருந்து ஒன்றைக் கொடுத்தார் மார்செல் ஜான்போன். சிலருக்கு சக்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது. அவருடைய சகா ஒகுஸ்த் லூபதியேர் அந்த ஆபத்தையே மருந்தாக்கலாம் என்று கண்டார். அந்த வம்சத்தில் வந்ததுதான் கிளிமெபிரைடு. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களில் பொட்டாசியம் வெளியேறும் வாசல் ஒன்று உண்டு. சாப்பிட்டு சக்கரை ஏறினால் அந்த வாசல் மூடும், இன்சுலின் சுரக்கும். கிளிமெபிரைடு அந்த வாசலை நேராகவே மூடிவிடுகிறது, சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி.

இரண்டு மாத்திரைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் உயிர்ப் பிரச்சினையாகிறது. மெட்பார்மின் தனியாக இருந்தால் சக்கரையை அபாயமாக இறக்குவது மிக அரிது. வயிற்றுப் புரட்டலும் பேதியும் அதன் தொல்லைகள், அதனால் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்கிறார்கள். கிளிமெபிரைடைப் போட்டுக்கொண்டு, ஒரு டீயோடு நடவுக்குப் போனவருக்கு பத்து மணிக்குக் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், கண் இருட்டும். உடனே கொஞ்சம் வெல்லமோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்து, அப்புறம் சாப்பிட வைக்க வேண்டும். விரதம் இருக்கிறவர்களும், காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவர்களும் தங்கள் பையில் இருப்பது இந்த இரண்டில் எது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

அந்தக் கை நடுக்கத்தை மறைத்துவிடும் மாத்திரையும் அதே பையில் இருக்கலாம். அட்டெனோலால், புரோப்ரானோலால் ஆகியவை அட்ரினலின் தட்டும் ஏற்பிகளை அடைக்கின்றன. இந்த வகையை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதயத் துடிப்பு நிதானமாகும், பிபி குறையும். புரோப்ரானோலாலை ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் கை நடுக்கத்துக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் சக்கரை இறங்கும்போது உடம்பு மணி அடிப்பது அட்ரினலின் வழியாகத்தான். படபடப்பும் நடுக்கமும் அடங்கிவிட்டால் வேர்வை ஒன்றுதான் எச்சரிக்கையாக மிஞ்சும். மூச்சுக்குழாயிலும் அட்ரினலின் ஏற்பி உண்டு, அது தூண்டப்பட்டால் குழாய் விரியும். ஆஸ்துமாக்காரர்கள் இழுக்கும் சால்பூட்டமால் பம்பு செய்வது அதைத்தான். புரோப்ரானோலால் அதற்கு நேர் எதிர். அதனால்தான் இந்த மாத்திரை எழுதும் முன் "இளைப்பு உண்டா?" என்று கேட்கிறார்கள்.

வலியும் வயிறும்

காயம் பட்ட இடத்தில் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள்கள் உண்டாகி வலியையும் வீக்கத்தையும் கூட்டுகின்றன. அவற்றைத் தயாரிப்பது காக்ஸ் என்ற நொதி. ஆஸ்பிரின் 1897-இல் பாயர் கம்பெனியில் தயாரானது. அது காக்ஸைத்தான் முடக்குகிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் ஆகியவையும் அதே நொதியைத்தான் பிடிக்கின்றன.

வயிற்றின் உள்தோலை அமிலத்திலிருந்து காக்கும் வழவழப்பான பூச்சு நிற்பதும் புரோஸ்டகிளாண்டினால்தான். முழங்கால் வலிக்காகப் போட்ட மாத்திரைக்கு முழங்கால் எது, வயிறு எது என்று தெரியாது. அதனால் வயிறு எரிகிறது, நாள்பட்டால் புண்ணாகிறது. வலி ஊசி போட்டால் வயிறு தப்பிக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஊசி மருந்தும் ரத்தம் வழியாக வயிற்றுச் சுவருக்குப் போய்ச் சேரும், தப்ப முடியாது.

ஆஸ்பிரின் மட்டும் காக்ஸை நிரந்தரமாக முடக்குகிறது. மற்ற செல்கள் புதிய நொதியைச் செய்துகொள்ளும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குக் கரு இல்லை, புதிதாகச் செய்ய முடியாது. தன் ஆயுளான ஏழெட்டு நாளும் முடங்கியே இருக்கும். மாரடைப்பு வந்தவருக்குத் தினமும் 75 மில்லிகிராம் என்ற சின்ன அளவே போதுமானதாக இருப்பதன் காரணம் இது. டெங்கு சந்தேகமுள்ள ஜுரத்துக்கு ஆஸ்பிரினும் டைக்ளோஃபெனாக்கும் கூடாது என்பதற்கும் காரணம் இதே தட்டணுக்கள்தான். ஜுரத்துக்கு பாராசிட்டமால். அது எப்படி வேலை செய்கிறது என்பதில் முழுத் தெளிவு இன்னும் இல்லை. மூளையில் பெரும்பங்கு நடக்கிறது, வயிற்றை அரிப்பதில்லை, வீக்கத்தையும் அவ்வளவாகக் குறைப்பதில்லை. ஆனால் அளவு மீறினால் கல்லீரலைக் கொன்றுவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் எல்லை 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு. சளி மாத்திரை, உடம்பு வலி மாத்திரை என்று வெவ்வேறு பெயரில் வாங்கும் பலவற்றிலும் அது ஒளிந்திருப்பதால் கணக்கு தெரியாமல் தாண்டிவிடலாம். சாராயம் குடிக்கிறவர்களுக்கு எல்லை இன்னும் கீழே.

எந்த மாத்திரையோடும் சேர்த்து "கேஸ் மாத்திரை" ஒன்று கேட்டு வாங்குவது பழக்கமாகிவிட்டது. ஒமெப்ரசோலும் பான்டோப்ரசோலும் வயிற்றில் அமிலத்தை இறைக்கும் பம்பை முடக்குகின்றன. சாப்பிட உட்காரும்போதுதான் பம்புகள் வேலைக்கு வரும், அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். அரை மணி நேரம் முன்னால் எடுக்கச் சொல்வது அதற்குத்தான். வயிறு உப்புசமாக இருப்பதற்கும் அமிலத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை, அங்கே இந்த மாத்திரைக்கு வேலையும் இல்லை.

நம் உடம்பில் இல்லாத இலக்கு

இதுவரை பார்த்த மருந்துகள் எல்லாம் நம் சொந்தப் புரதங்களைத் தொடுகிறவை, அதனால்தான் எங்காவது ஓர் இடத்தில் தொல்லை தருகின்றன. நமக்கில்லாத ஒன்றைத் தாக்கும் மருந்து இருந்தால்? 1928-இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ட பென்சிலினும் அதன் உறவான அமாக்சிசிலினும் அப்படிப்பட்டவை. பாக்டீரியா தன்னைச் சுற்றி உறுதியான சுவர் கட்டிக்கொள்கிறது. கட்டும் நொதியை அமாக்சிசிலின் முடக்கினால் சுவர் பலவீனமாகி அது வெடிக்கிறது. மனிதச் செல்லுக்கு அந்தச் சுவரே கிடையாது. ஒவ்வாமை உள்ளவர்களைத் தவிர்த்தால், நிறையக் கொடுத்தும் நம் செல்களுக்குக் கேடு குறைவாக இருப்பது அதனால்.

வைரஸுக்கும் சுவர் கிடையாது. சாதாரண ஜலதோஷமும் பெரும்பாலான தொண்டை வலியும் வைரஸால் வருகின்றன. அங்கே அமாக்சிசிலினுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லை, நம் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைத்தான் பிடிக்கும். மிஞ்சிப் பிழைத்தவை மருந்துக்கு அடங்காதவையாகப் பெருகும். "டாக்டர் ஆன்டிபயாடிக் தரல" என்பது பல நேரம் நல்ல சிகிச்சை.

மூன்று மாத்திரை, ஒரு சிறுநீரகம்

தனித்தனியாக நல்ல மருந்துகள் ஓர் உடம்பில் சேரும்போது என்ன ஆகும் என்பதைச் சிறுநீரகத்தை வைத்துப் பார்க்கலாம். அதன் வடிகட்டி ஒவ்வொன்றையும் ஓர் ஏரியாக எண்ணிக்கொள்ளுங்கள். உள்ளே வரும் ரத்தக்குழாய் வரத்துக் கால்வாய், வெளியே போவது கலங்கல். ஏரியில் நீர்மட்டம் நின்றால்தான் மதகு வழியாகத் தண்ணீர் பாயும், அதுபோல அழுத்தம் நின்றால்தான் ரத்தம் வடிகட்டப்படும். வரத்தை அகலமாக வைத்திருப்பது புரோஸ்டகிளாண்டின். கலங்கலைக் குறுக்கி மட்டத்தைத் தூக்கி நிறுத்துவது ஆஞ்சியோடென்சின்.

எனலாபிரில் சாப்பிடும் ஒருவருக்குக் கலங்கல் கொஞ்சம் திறந்தே இருக்கிறது. சாதாரண நாளில் அது நல்லது. நீண்ட காலத்தில் சக்கரை நோயாளியின் சிறுநீரகத்தை அதிக அழுத்தத்திலிருந்து காப்பதும் அதுதான். சித்திரை வெயிலில் நாளெல்லாம் வேலை செய்து உடம்பு தண்ணீர் வற்றிப் போகும்போது, சாயங்காலம் உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஒன்றும் போட்டால், வரத்தும் குறுகிவிடும். வரத்தும் இல்லை, கலங்கலும் திறந்திருக்கிறது, ஏரியில் மட்டம் ஏது? வடிகட்டல் சரிகிறது. நீர் பிரியும் மாத்திரையும் கூட இருந்தால் இன்னும் மோசம். அந்த நேரத்தில் மெட்பார்மினும் உடம்பை விட்டு வெளியேறுவது சிறுநீரகம் வழியாகத்தான். வழி அடைந்தால் அது தேங்கும், அரிதாக ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

இதிலிருந்து இரண்டு பழக்கங்கள் பிறக்கின்றன. பிபிக்கும் சக்கரைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வலி மாத்திரையைக் கேட்காமல் வாங்கக் கூடாது. அவசரத்துக்குப் பெரும்பாலும் பாராசிட்டமால் போதும். வாந்தியோ பேதியோ வந்து தண்ணீர் குறைந்த நாளில், வழக்கமான மாத்திரைகளை அப்படியே தொடரலாமா, ஓரிரு நாள் நிறுத்தலாமா என்று செவிலியரையோ டாக்டரையோ அன்றைக்கே கேட்க வேண்டும். கேட்கும் நேரத்துக்குள் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடிக்கத் தொடங்கிவிடலாம். அது உள்ளே போவதற்கும் ஒரு புரதம்தான் காரணம்: குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாகத்தான் உள்ளே விடும் வாசல் ஒன்று இருக்கிறது, பின்னாலேயே தண்ணீர் வருகிறது. உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர வேண்டும் என்பது அதனால். பேதி கடுமையாக இருக்கும்போதும் அந்த வாசல் வேலை செய்யும். 1971-இல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியபோது திலீப் மஹலநாபிஸ் பல உயிர்களைக் காத்தது இந்த எளிய கரைசலால்.

அட்டையின் பின்பக்கம்

சோழர் காலப் பட்டியலில் மருந்தின் பெயர் சரக்கைச் சொன்னது. இன்றைய பொதுப்பெயர் இலக்கைச் சொல்கிறது. 1953 முதல் உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டு வரும் பொதுப்பெயர்களில், ஒரே இடத்தில் வேலை செய்யும் மருந்துகளுக்கு ஒரே கடைசி அசை. 'டிபின்' என்று முடிந்தால் கால்சியம் வாசல். 'பிரில்' என்றால் ஏசிஇ நொதி. 'சார்டன்' என்றால் ஆஞ்சியோடென்சின் ஏற்பி. 'லால்' என்றால் பெரும்பாலும் அட்ரினலின் ஏற்பி. 'ப்ரசோல்' என்றால் அமில பம்பு. 'ஸ்டாட்டின்' என்றால் கல்லீரலில் கொழுப்பு தயாரிக்கும் நொதி. அரசு மருந்து அட்டைகளில் விற்பனைக்கு அல்ல என்ற அச்சுக்குப் பக்கத்தில் இருப்பது இந்தப் பொதுப்பெயர்தான். கடையில் வாங்கும் அட்டையில் கம்பெனிப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், பொதுப்பெயர் கூடவே சின்னதாக இருக்கும். நிறம் மாறினாலும், கம்பெனி மாறினாலும், அந்தப் பெயர் மாறாது.

படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை ஒருவர் போதும், வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் எடுத்து, பொதுப்பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம் என்று ஒரு தாளில் எழுதிவிடலாம். ஒரே பெயர் இரண்டு கம்பெனி அட்டைகளில் இருந்தால் ஒரே மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிடுகிறோம் என்று அப்போதே தெரிந்துவிடும். நாட்டு மருந்து, கடையில் வாங்கிய வலி மாத்திரை, சளி சிரப் எல்லாமே அந்தத் தாளில் இருக்க வேண்டும். தாளை உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ எடுத்துப் போய், புதிய மாத்திரை எழுதும்போது காட்டி, "இதுங்களோட இது சேருமா டாக்டர்?" என்று கேளுங்கள். தாளைப் பார்த்து அவர் ஒரு மாத்திரையைக் குறைத்தால், அன்றைக்குக் கிடைத்த சிகிச்சையில் சிறந்தது அதுவாகவே இருக்கலாம்.